லேயாம்மா, அத நான் எபிரேயத்துலேர்ந்து செய்யல

அன்புள்ள லேயா கோல்ட்பெர்க் அம்மாவுக்கு,

இன்னைக்கு ஜனவரி 15, நீங்க ஜெருசலேம்ல கண்ண மூடின நாள். வருஷா வருஷம் இந்தத் தேதிக்கு, நீங்க எபிரேயத்துல எழுதின 'பைன்' கவிதைய எடுத்துப் படிப்பேன், இந்த வருஷம் எடுக்கவே கை வரல.

அத நான் தமிழ்ல பண்ணினேன்ல, ஒரு சிறுபத்திரிகையில வந்துச்சு, கீழ 'எபிரேயத்திலிருந்து தமிழில்'னு போட்டு என் பேரு. எபிரேயத்துல எனக்கு ஒரு எழுத்து தெரியாது. இங்கிலீஷ்ல மூணு பேர் பண்ணினத பக்கத்துல வெச்சுக்கிட்டு செஞ்சது. அந்த வரிய சத்தியமா நான் போடல, ஆனா இதழ் கைக்கு வந்ததும் ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம், சொல்லல, பாராட்டினவங்ககிட்டயும் வாயத் திறக்கல. மன்னிச்சிடுங்க. பத்திரிகை பேரு வேணாம், அவங்க நல்ல மனசுலதான் போட்டாங்க.

முதல் வரியிலயே மாட்டிக்கிட்டேன். இங்க குக்கூப் பறவையோட குரல் எனக்குக் கேக்காதுன்னு ஆரம்பிக்கிறீங்க. 'குயில்'னு எழுதினேன். எழுதின மை காயல, ஜன்னலுக்கு வெளிய வேப்பமரத்துல ஒரு குயில் கத்த ஆரம்பிச்சுது. ஏப்ரல் மாசம், விடியக்காலை அஞ்சு மணி, நிறுத்தாம கத்துது, நான் பேனாவ வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கேன். லித்துவேனியாவுல சின்னப் பிள்ளையா நீங்க கேட்டது வேற பறவை, அதோட கூப்பாடே வேற. தெரிஞ்சுதான் குயில்னு விட்டேன், வேற எந்தச் சொல்லுக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கல.

உங்க மேல கோவமும் இருக்கு. டால்ஸ்டாயோட 'போரும் அமைதியும்' ரஷ்யன்லேர்ந்து, பெட்ரார்க் கவிதைங்கள இத்தாலியன்லேர்ந்து நேரா எபிரேயத்துக்குக் கொண்டுவந்தவங்க நீங்க, 1933லயே பான் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம். ஒரு மொழிக்கு வெளிய நின்னு கதவத் தட்டுறவனோட அவஸ்தை உங்களுக்கு எங்க தெரியப்போகுது?

இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது. உங்க வீட்டு மொழி ரஷ்யன், எபிரேயம் பள்ளிக்கூடத்துல படிச்சது, பத்து வயசுல டைரியவே அதுல எழுத ஆரம்பிச்சிட்டீங்க. எனக்கு அந்தப் பொறுமை வரல.

இந்த நேரத்துல இஸ்ரேல் நாட்டுக் கவிஞருக்குக் கடிதமான்னு கேக்கறவங்க இருப்பாங்க. எனக்கும் சொல்றதுக்கு இருக்கு, இதுல வேணாம்.

58 வயசெல்லாம் போற வயசா? அந்த வருஷம் இஸ்ரேல் பரிசு உங்களுக்குன்னு சொன்னாங்க, வாங்க நீங்க இல்ல, உங்க அம்மா போய் வாங்கினாங்க. அந்தக் கிழவி கைய நெனச்சா இப்பவும் எனக்குத் தாங்கல.

நேத்து என் தொகுப்போட புரூஃப் வந்துச்சு. 'எபிரேயத்திலிருந்து'ங்கிறத அடிச்சுட்டு 'ஆங்கிலம் வழி'ன்னு எழுதி அனுப்பிட்டேன். குயில மாத்தல.