கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி

கோபிசெட்டிபாளையம்

அன்பு நண்பருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மாறுதல் கலந்தாய்வில் பொள்ளாச்சிக்குப் பக்கத்திலேயே பள்ளி கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, அதற்கு மேல் இந்தப் பக்கத்தில் என்ன வேண்டும்?

விளையாட்டு வழியில் அறிவியல் நடத்தும்போது பிள்ளைகள் மகிழ்கிறார்கள், ஆனால் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. நீர்ச் சுழற்சியைப் பாட்டாகப் பாடி ஆட வைத்துவிட்டு, அதையே விளையாட்டு வழி அறிவியல் என்று பதிவேட்டில் எழுதுகிறவர்கள் உண்டு. பாட்டு நல்லதுதான், ஆனால் அது மனப்பாடத்தின் இன்னொரு வடிவம். என்னைக் கேட்டால், பொருளில் கை வைப்பதற்கு முன் 'என்ன ஆகும், ஏன் அப்படி ஆகும்' என்று ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் விளையாட்டு பாடமாக மாறுகிறது.

மூன்றாம் வகுப்பில் ஓர் அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மட்டையோடு கூடிய தேங்காயையும் ஒரு புளியங்கொட்டையையும் பக்கத்தில் வைத்தேன். எது மிதக்கும் என்று கேட்டதற்கு, "பெருசா இருக்கறதெல்லாம் முழுகிப் போயிருமுங்க சார்" என்றான் ஒருவன். பாதி வகுப்பு அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. இரண்டு கட்சிகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். தேங்காய் மிதந்து கொட்டை அடியில் போய் உட்கார்ந்தபோது எழுந்த கூச்சலைத் தலைமையாசிரியர் அறை வரை கேட்டிருப்பார்கள். ஆனால் எனக்கு முக்கியமாகப்பட்டது அதற்குப் பின் நடந்ததுதான்: தோற்ற கட்சி, மட்டையை உரித்துவிட்டுப் போடச் சொல்லி அடம்பிடித்தது. அடுத்த சோதனையை அவர்களே வகுத்துவிட்டார்கள். முன்கூட்டியே ஒரு பதிலைச் சொல்லி அதற்குக் கட்டுப்படாமல் இருந்திருந்தால், அந்த அடம் அவர்களுக்கு வந்திருக்காது.

மஞ்சளை வைத்தும் இதைச் செய்யலாம். மஞ்சளைக் கரைத்துத் தாளில் பூசிக் காயவைத்து, நறுக்கிக் கொடுத்தால், சோப்பு நீர் பட்ட இடம் செம்பழுப்பாக மாறும். ஆரத்தித் தண்ணீரில் பாட்டி சுண்ணாம்பு கலக்கும்போது சிவப்பதைப் பார்த்திருக்கும் பிள்ளைகள், இதைத் தாங்களே கண்டுபிடித்து இணைத்துவிடுகிறார்கள். (சுண்ணாம்பை மட்டும் நான்தான் கையாளுவேன், கண்ணில் பட்டால் ஆபத்து.) மஞ்சள் தாளில் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் மாறாது. அதைத் தோல்வி என்று எண்ணித் தாளை ஒளிக்கப் பார்ப்பார்கள். மாறவில்லை என்பதும் ஒரு முடிவு, அதையும் எழுதத்தான் வேண்டும் என்று பழக்குவது பெரிய வேலை. பிறகு சிவந்த இடத்தில் அதே சாற்றை விட்டு, மஞ்சள் திரும்புவதைக் காட்டிவிடுங்கள். மீதிக் கேள்விகளை அவர்களே கேட்பார்கள்.

பொருட்களுக்குப் பணம் கேட்டு யாரிடமும் போக வேண்டியதில்லை. நூற்பாலையில் கழித்துப் போடும் காகிதக் கோன் ஒன்றைத் தரையில் உருட்டினால், நேராக ஓடாமல் வட்டமடித்து வரும். ஏன் என்று ஒரு வாரம் சண்டை போடுவார்கள். வாங்கி வைத்த உபகரணப் பெட்டிகளோ, உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பல பள்ளிகளில் பீரோவிலேயே கிடக்கின்றன.

மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், இப்படி எளிய பொருட்களை வைத்தே முப்பது ஆண்டுகள் நடந்தது. அங்கே தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. நான் பொறாமைப்படுவது அந்தத் தேர்வு முறையைப் பார்த்துத்தான், ஏனென்றால் கேள்வித்தாள் மாறாமல் வகுப்பறையை மட்டும் மாற்றினால் பெற்றோர் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். 2007-இல் நம் மாநிலம் முழுவதும் வந்த, பாட அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்து படிக்கும் செயல்வழிக் கற்றலில் பிள்ளைகளோடு தரையில் உட்காரப் பழகினோம்; ஆனால் அட்டை சொன்னபடி செய்து முடித்ததும் அடுத்த அட்டைக்கு ஓடினார்கள், இடையில் வாதிட நேரமில்லை என்பது என் எண்ணம். 2022-இல் வந்த வானவில் மன்றம் என்ற நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டம் ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்களுக்கானது. ஆகவே தொடக்க வகுப்புகளில் இதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் ஓர் உதவி. ஆகஸ்ட் கடைசியில் சூரியன் தெற்கு நோக்கி வரும்போது, நம் ஊர்களுக்கு நேர் மேலே ஒரு நாள் நிற்கும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு அன்று உச்சி வேளையில் நிழல் இராது. வடக்கே இருப்பதால் எங்களுக்கு 23-ஆம் தேதியை ஒட்டியும், உங்களுக்கு இரண்டு நாள் கழித்தும் வர வேண்டும். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே உயரக் குச்சியை நட்டு, 20 முதல் 28 வரை நிழலை அளந்து, கடிதத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மணி பன்னிரண்டுக்கு அளக்க வேண்டாம், நம் பக்கத்தில் உச்சி 12.20-ஐத் தாண்டித்தான் வருகிறது. இதையும் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். ஆனைமலைப் பக்கத்து மேகம் மறைத்துவிட்டால், மறைத்த நாளையும் குறிக்கச் சொல்லுங்கள். குச்சியின் உயரம் ஒரு மீட்டர் போதுமா, குறைக்கலாமா என்று மட்டும் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய விடுதித் தோழன்