ஆட்சேபணை மனுவில் முதல் வரி சர்வே எண்ணாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. அதன் இலக்கு ஆண்டு 2026. அது வரையப்பட்டபோது பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டர்; சென்னை மாநகராட்சியோடு 16 நகராட்சிகள், 20 பேரூராட்சிகள், 214 ஊராட்சிகள். 2022 அக்டோபரில் வந்த அரசாணை அந்த எல்லையை அரக்கோணம் பக்கம்வரை இழுத்து 5,904 சதுர கிலோமீட்டராக்கியது. ஆகவே அடுத்த திட்டங்களின் வரைவு வரும்போது, இதுவரை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அலுவலக வாசலையே பார்த்திராத ஊர்களும் ஆட்சேபணை மனு எழுத வேண்டியிருக்கும். அந்த மனுக்களில் பெரும்பகுதி ஏன் வீணாகிறது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

முதல் காரணம், திட்டத்தால் செய்ய முடியாததைக் கேட்பது. குப்பை அள்ளவில்லை, குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்ற மனுக்கள் நியாயமானவைதான். ஆனால் அவை மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ போக வேண்டியவை. முழுமைத் திட்டம் தீர்மானிப்பது எந்த நிலம் குடியிருப்பு, எது தொழில், எது விவசாயம், எது திறந்தவெளி, எந்தச் சாலை எவ்வளவு அகலம், எங்கே எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதைத்தான். மனு இவற்றில் ஒன்றைத் தொட வேண்டும்.

இரண்டாவது காரணம், இடத்தைச் சரியாகச் சொல்லாதது. 'எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதினால், எந்த அதிகாரியும் வரைபடத்தில் ஒரு கோட்டைக்கூட நகர்த்த முடியாது. ஏரி பெரும்பாலும் நீல நிறத்தில் வரைபடத்தில் இருக்கும். காணாமல் போவது அதற்கு வரும் வரத்து வாய்க்காலும், உபரி நீர் வழியும் கலங்கலிலிருந்து போகும் போக்கு வாய்க்காலும்தான். இதில் சதி தேட வேண்டாம், கணக்கைப் பாருங்கள். 3 மீட்டர் அகல வாய்க்கால் 1:10,000 அளவு வரைபடத்தில் 0.3 மில்லிமீட்டர். 1:50,000 அளவில் 0.06 மில்லிமீட்டர், அதாவது தலைமுடி அளவு. அதே வாய்க்கால் 1:2,000 அளவிலுள்ள புல வரைபடத்தில், நாம் எஃப்.எம்.பி. என்கிறோமே அதில், 1.5 மில்லிமீட்டர் அகலத்தில் தெளிவாக இருக்கும். எனவே வாய்க்கால் கடக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புல வரைபட நகல், கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் 'வாய்க்கால்' அல்லது 'ஓடை' புறம்போக்கு என்றிருக்கும் பக்கத்தின் நகல், இரண்டையும் இணைத்து, 'கிராமம், சர்வே எண், உட்பிரிவு, வரைவில் இப்போதுள்ள வகைப்பாடு, மாற்ற வேண்டிய வகைப்பாடு, காரணம்' என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் அரசின் இ-சேவை இணையதளத்திலேயே கிடைக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. நகர அளவை முடிந்த பகுதிகளில் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று புது எண்கள் வந்திருக்கும். பழைய பத்திரத்திலோ கிராம சர்வே எண் இருக்கும். திட்டப் பட்டியல் ஒன்றைச் சொல்ல, மனு இன்னொன்றைச் சொன்னால் அடுத்த தெரு நிலத்துக்கு ஆட்சேபணை எழுதியதாகிவிடும். இரண்டு எண்ணையும் எழுதுவதே பாதுகாப்பு. பரப்பிலும் இதே குழப்பம்: சிட்டாவில் 0.24.50 என்றிருப்பது ஹெக்டேர், ஏர்ஸ் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) கணக்கு. 24.5 ஏர்ஸ் என்பது ஏறக்குறைய 60.5 சென்ட்.

காலக்கெடுவும் கவனிக்க வேண்டியது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 26-ஆம் பிரிவுப்படி, ஆட்சேபணைக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தையும் மனுவோடு இணைத்தால் கனம் கூடும் என்பது சரிதான். ஆனால் நாள்காட்டியைப் பாருங்கள். வழக்கமான கூட்டங்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அறிவிப்பு மே 5-இல் வந்து இரண்டு மாதமே கொடுத்தால், ஜூலைத் தொடக்கத்தில் கெடு முடிந்துவிடும். இடையில் ஒரு கூட்டமும் இல்லை. நவம்பர் முதல் வாரத்தில் வந்தாலும் இதே கதி. சிறப்பு கிராம சபையைக் கூட்டும்படி அறிவிப்பு வந்த வாரமே ஊராட்சியிடம் எழுதிக் கேட்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகையும் தேவை: 10,000 பேருக்கு மேலுள்ள ஊராட்சியில் 300 பேர் வராவிட்டால் தீர்மானம் நிற்காது.

அதே பிரிவில் பலரும் தவறவிடும் இன்னொரு வரி: நேரில் சொல்ல வாய்ப்பு, அதைக் கேட்டவர்களுக்கு மட்டுமே. மனுவின் கடைசியில் 'என்னை நேரில் விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதாதவர்கள் அழைப்பு வரவில்லை என்று பிறகு குறைப்பட முடியாது. நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். ஒரே வாசகத்தை நூறு நகல் எடுத்து நூறு கையெழுத்து போட்டு அனுப்புவது எண்ணிக்கைக்கு உதவும், வேறெதற்கும் உதவாது. பத்துப் பேர் பத்து சர்வே எண்ணுக்குத் தனித்தனியே எழுதுவது மேல்.

பூங்கா, விளையாட்டுத் திடல், திட்டச் சாலை என்று பச்சையும் சிவப்புமாகப் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று மகிழ்வோரும் உண்டு. சட்டத்தின் 38-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். அறிவிப்பு அரசிதழில் வந்து 3 ஆண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிக்கையோ உரிமையாளருடன் ஒப்பந்தமோ இல்லையென்றால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகவே கருதப்படும். பூங்கா வரைபடத்தில் மட்டும் இருக்கும். ஆகையால் ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும், நிலத்தை வாங்கப்போவது எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்த நிதியில் என்று மனுவிலேயே கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாத ஒதுக்கீட்டால் நில உரிமையாளருக்கும் நன்மையில்லை, ஊருக்கும் நன்மையில்லை.

குழுமத்திடம் நாம் கேட்பது இரண்டுதான். வரைவு நிலப்பயன்பாட்டுப் பட்டியலை கிராமவாரியாக, சர்வே எண் வரிசையில், தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும் வார்டு அலுவலகத்திலும் வையுங்கள். விசாரணை முடிந்ததும் மனு எண், சர்வே எண், ஏற்பா நிராகரிப்பா, காரணம் என்று நான்கு நெடுவரிசைப் பட்டியல் ஒன்றை, திட்டம் அரசின் ஒப்புதலுக்குப் போகும் முன்பே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
பூந்தமல்லி