பிடரி இல்லாத சிங்கங்கள்

லியோன்,
16 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே? போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிருதா" என்று கேட்டுவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். நான் சொல்ல நினைப்பது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தம்பியைப் படிக்கச் சொல்லாதீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பட்டறையில் உட்கார்ந்து நீங்களே படியுங்கள்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடைகள் திறப்பதில்லை. எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். அதெல்லாம் பழகிவிட்டது. கறிவேப்பிலைக்கும் புளிக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் கடை இருக்கிறது. "வாங்கோ தங்கச்சி" என்று அவர் கூப்பிடுவதற்காகவே சில நாள் தேவையில்லாமல் போய் வருகிறேன்.

இந்த ஊர் முழுக்கச் சிங்கம்தான். ஊர்ச் சின்னத்தில் சிங்கம், கால்பந்து அணியின் சின்னத்திலும் சிங்கம். பிரெஞ்சில் சிங்கத்துக்கு என்ன சொல்லோ ஊர்ப் பெயரும் காதுக்கு அப்படியே கேட்கும். ஆனால் ரோமானியர் காலத்தில் இந்த ஊருக்கு லுக்துனும் என்று பெயர். அதுதான் தேய்ந்து லியோன் ஆனது. சிங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் சாளுவன்குப்பத்துப் புலிக்குகை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அங்கே வரிசையாக இருப்பது யாளித் தலைகள், பெயர் மட்டும் புலிக்குகை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வேலைக்கூட்டாளி ஒருத்தி தன் காரில் ஆர்தேஷ் என்ற இடத்துக்குக் கூட்டிப் போனாள். தெற்கே, சுண்ணாம்புப் பாறைகளை ஆறு அறுத்துக்கொண்டு போகும் ஊர். பாறையைக் குடைந்து ஆறே ஒரு பெரிய வளைவு வாசல் செய்திருக்கிறது. அதற்குப் பக்கத்து மலையில் 1994 டிசம்பர் 18 அன்று மூன்று பேர் கற்களின் இடுக்கிலிருந்து காற்று வருவதைக் கவனித்து, கல்லை அகற்றி உள்ளே இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஷோவேயின் பெயர்தான் இப்போது அந்தக் குகைக்கு. சுமார் 21,500 வருஷத்துக்கு முன்னால் பாறை சரிந்து வாசல் அடைபட்டதிலிருந்து ஆள் காலடியே படாத இடம். சுவர்களில் இருக்கும் படங்களில் பழையவை சுமார் 36,000 வருஷத்துக்கு முந்தியவை. மாமல்லன் காலம் ஆயிரத்து நானூறு வருஷம் கூட ஆகவில்லை அப்பா. அப்படி எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அசல் குகைக்குள் யாரையும் விடுவதில்லை. லாஸ்கோ என்ற இன்னொரு குகையில் கூட்டம் கூட்டமாக ஆட்களை விட்டு, மூச்சுக்காற்றிலேயே ஓவியங்கள் கெட ஆரம்பித்து, 1963இல் அதை மூட வேண்டியதாகிவிட்டது. அந்தப் பாடத்தால் இதை ஆரம்பத்திலிருந்தே பூட்டிவைத்து, கொஞ்ச தூரத்தில் நகல் குகை ஒன்று கட்டி 2015இல் திறந்தார்கள். நகல் என்றதும் கூட வந்தவளுக்கு முகம் சுருங்கியது. எனக்கு அப்படி இல்லை. மகிஷாசுரமர்த்தினி குகைச் சிற்பத்தை ஓட்டல்காரர்களுக்காக எத்தனை முறை நகல் செய்திருக்கிறீர்கள்! அதற்கு எவ்வளவு பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இங்கே முக்கியமான சுவர்களை வரைந்த தொசெல்லோ என்பவர் பழைய ஆட்களைப் போலவே பைன் மரக் கரியால்தான் வரைந்தாராம்.

கடைசி அறையில் சிங்கச் சுவர். பக்கவாட்டில் தலைதலையாக, ஒன்றன் பின் ஒன்றாகச் சிங்கங்கள், எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. அவை பார்க்கும் பக்கத்தில் காட்டெருமைகள். கழுத்து நீண்டு, காது பின்னுக்குப் போய், இன்னும் பாயவில்லை, இப்போது பாயப்போகிறது. சாமி சிலைக்குக் கண் திறக்கும்போது நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்வீர்களே, அங்கே நின்ற எல்லோரும் அப்படித்தான் நின்றோம்.

வேலை செய்த விதத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். முதலில் சுவரைச் சுரண்டி மேல்தோலை எடுத்து வெள்ளையாக்கியிருக்கிறார்கள். அப்புறம் கரிக்கோடு. கோட்டை விரலால் தேய்த்து உள்ளே பரப்பி, தாடைக்கும் கன்னத்துக்கும் நிழல் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் உருவத்தின் ஓரத்தை மட்டும் கல்லால் கீறி, தலை சுவரைவிட்டு வெளியே வருகிற மாதிரி செய்திருக்கிறார்கள். புடைப்புச் சிற்பத்தில் நீங்கள் ஓரத்தைத் தாழ்த்துவீர்கள் அல்லவா, அதே யோசனை. ஒரு சிங்கத்தின் முதுகு ஒரே கோடு. ஏறத்தாழ இரண்டு மீட்டர், எங்கும் தடுமாறவில்லை. மீசை முளைக்கும் இடத்துப் புள்ளிகளைக்கூடச் சில முகங்களில் வைத்திருக்கிறார்கள்.

ஒன்றுக்கும் பிடரி இல்லை. எல்லாம் பெண் சிங்கம் என்று நினைத்தேன். இல்லையாம். ஆண் என்பதற்கான அடையாளத்தையும் சிலவற்றில் தெளிவாக வரைந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் அப்போது இருந்த குகைச் சிங்கத்தின் ஆணுக்கே பிடரி கிடையாது. எலும்பில் பிடரி தெரியாது. வரைந்தவர்கள் பார்த்தார்கள், அதனால் நமக்குத் தெரிகிறது. அந்த இனம் அழிந்து சுமார் 14,000 வருஷம் ஆகிறது. 2018இல் சைபீரியாவின் உறைந்த மண்ணில் ஒரு குட்டி முடியோடும் மீசையோடும் அப்படியே கிடைத்தது, 28,000 வருஷத்துக் குட்டி. போட்டோவில் தூங்குவது போலத்தான் இருக்கிறது.

அங்கே நிற்கும்போது எனக்கு வண்டலூர் ஞாபகம் வந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும். மற்ற கூண்டுகளையெல்லாம் விட்டுவிட்டுச் சிங்கத்தின் எதிரில் நீங்கள் அரை நாள் நின்றீர்கள். வீட்டுக்கு வந்ததும், "நீங்க செய்யற சிங்கம் இப்படி இல்லையே" என்று கேட்டேன். "அது மிருகம், இது சிம்மம்" என்றீர்கள். அந்தப் பதில் எனக்குப் பல வருஷம் போதவில்லை. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. பல்லவர் காலத்தில் நம் பக்கத்துக் காட்டில் சிங்கம் கிடையாது. இன்றைக்கும் குஜராத்தில் கீர் காட்டையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் விட்டால் இந்தியாவில் வேறு எங்கும் காட்டுச் சிங்கம் இல்லை. 2025 கணக்கெடுப்பில் 891. பார்க்காத மிருகத்தைத் தூணடியில் உட்காரவைத்து மண்டபத்தையே சுமக்க வைத்தார்கள். கடற்கரைக் கோயில் சிங்கத்தின் மார்பில் மாடம் வெட்டித் துர்க்கையை வைத்தார்கள். பார்த்து வரைந்தவர்களுக்கு அது தோன்றியிருக்காது.

ஆனால் பார்த்துச் செய்ததும் நம்மிடம் இருக்கிறதே! அர்ச்சுனன் தபசில் இரண்டு முன்காலையும் தூக்கித் தவம் செய்யும் பூனை. அந்தச் சிற்பி எங்கோ ஒரு பூனையை நாள் கணக்கில் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். இந்தக் குகைச் சிங்கங்களுக்குப் பக்கத்தில் அந்தப் பூனையைத்தான் என்னால் வைக்க முடிகிறது.

குகையில் சிங்கம் எழுபதுக்கும் மேல். சிறுத்தை என்று சொல்வது ஒன்றே ஒன்றுதான். சிவப்புக் காவியில், புள்ளி வைத்து, ஒரு கழுதைப்புலிக்குக் கீழே சின்னதாக. அப்போதும் அது தன்னைக் காட்டிக்கொள்ளாத மிருகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். நம் மலைகளில் இவ்வளவு சிறுத்தை இருந்தும் கோயில் தூணில் சிறுத்தையைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. நீங்கள் எங்காவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

இன்னொன்று. உள்ளங்கையில் காவி பூசிச் சுவரில் பதித்த தடங்கள் அங்கே நிறைய இருக்கின்றன. அதில் ஒரு ஆளின் சுண்டுவிரல் வளைந்திருக்கிறது. அதே வளைந்த விரலை இன்னோர் இடத்திலும் காட்டினார்கள். சுத்தியல் பட்டுக் கோணிப்போன உங்கள் விரலை நினைத்துக்கொண்டேன். கூட வந்தவளுக்கு நான் ஏன் அழுகிறேன் என்று புரியவில்லை. எனக்கு விளக்கிச் சொல்லும் அளவுக்குப் பிரெஞ்சு வரவில்லை.

பாஸ்போர்ட் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஜூனில் வந்தால் வெயில் இருக்கும், அம்மாவுக்கும் சிரமம் இருக்காது. டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தோடு சிங்கச் சுவரின் படம் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று பட்டறைக்கு, ஒன்று தம்பிக்கு. எனக்கு நீங்கள் ஒன்று அனுப்ப வேண்டும். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து, அளவுநூல் பிடிக்காமல், அன்றைக்கு வண்டலூரில் பார்த்த சிங்கத்தை ஒரு காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள். கரி கலையாமல் இருக்க மேலே இன்னொரு தாள் வைத்து மடியுங்கள்.

அம்மாவுக்கு முத்தம்.

உங்கள் அன்பு மகள்