தாண்டிக்குடியிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள தோழிக்கு,

உன் நீண்ட கடிதம் கிடைத்தது. பழம் பறிப்பு முடிந்த பிறகு நிதானமாகப் பதில் எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் இம்மாதம் பதினைந்தாம் தேதிக்குள் அலுவலகத்துக்கு உன் முடிவைச் சொல்லியாக வேண்டும் என்று குறிப்பிட்டிருப்பதால், களத்தில் காப்பி காயும் நேரத்தில் அமர்ந்து இதை எழுதுகிறேன். வீட்டில் அனைவரும் நலம். குளிருக்கு அம்மாவின் முழங்கால் வலி கூடியிருக்கிறது. ஆனாலும் பறித்து வரும் மூட்டைகளை எடை போடும் இடத்தைவிட்டு நகர மறுக்கிறார். அந்தத் தராசைப் பிறர் கையில் ஒப்படைக்கும் நாள்தான் தமக்கு முதுமை தொடங்கும் நாள் என்று நினைக்கிறார் போலும்.

மண்டலப் பொறுப்பை ஏற்றால் இன்னும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஓட்டம்தான் என்றும், ஏற்காவிட்டால் இத்தனை ஆண்டு உழைத்தது எதற்கு என்ற ஏக்கம் விடாது என்றும் எழுதியிருக்கிறாய். இதற்கு நடுவில், புதிதாகச் சேர்ந்த தியான வகுப்பில் ‘இந்தக் கணத்தில் இருங்கள்’ என்று சொல்வதைக் கேட்டு, எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்பதாகவும் சொல்கிறாய். கடைசிப் பக்கத்தில், ‘நீ கொடுத்துவைத்தவள், மலையில் இருக்கிறாய், அன்றன்றைய நாளை அன்றன்றே வாழ்கிறாய்’ என்று ஒரு வரி. முதலில் அந்த வரியை மறுத்துவிடுகிறேன்.

மலையில் யாரும் அப்படி வாழ்வதில்லை. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா வகைக் காப்பியின் விலை அதுவரை காணாத உயரத்தைத் தொட்டபோது, இங்கே தேநீர்க் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் கல்யாணப் பந்தியிலும் கைப்பேசியில் விலை பார்க்காத ஆளைப் பார்த்திருக்க முடியாது. கையிருப்பை விற்பதா, இன்னும் பொறுப்பதா என்ற கவலையில் பலரும் உறக்கம் இழந்தார்கள். விற்றவர்கள் விற்றுவிட்டோமே என்று வருந்தினார்கள், விற்காதவர்கள் நாளை இறங்கிவிடுமோ என்று அஞ்சினார்கள். சுற்றுலா வருவோருக்கு மலை ஓய்விடம். குடியிருப்பவர்களுக்கு அது எதிர்காலத்தைப் பற்றியே எண்ண வைக்கும் இடம். இன்று நட்ட காப்பிக் கன்று மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் காய்க்கத் தொடங்கும். அதற்கு நிழல் தர வைத்த சில்வர் ஓக் உயர்ந்து, அதில் ஏற்றிய மிளகுக் கொடி பலன் தரும்வரை காத்திருக்க வேண்டும். தாத்தா காலத்தில் இந்த மலைகளின் பெருமையே மலைவாழைதான். அதை நம்பிப் போட்ட கணக்குகளையெல்லாம் முடிக்கொத்து நோய் ஒரேயடியாக அழித்துவிட்டுப் போனது. அப்படியும் யாரும் கணக்குப் போடுவதை நிறுத்திவிடவில்லை. நான் மட்டும் என்ன? எங்கள் காப்பியை நாங்களே வறுத்து அரைத்து, சொந்தப் பெயரில் பொட்டலம் போட்டு விற்கவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் தயாராக இருக்கிறது, இரவில் படுத்தால் வறுக்கும் இயந்திரத்தின் விலைதான் கண்முன் வருகிறது. ஆகவே, ஆசையை அவிழ்த்துவைத்துவிட்டு அமைதியாக இருப்பவள் என்று என்னை எண்ணி நீ மனம் குமைய வேண்டியதில்லை.

அப்படியானால் இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்திருப்பது என்று கேட்பாய். அதற்கு என்னிடம் சூத்திரம் ஏதும் இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

காப்பி பூக்கும் நாள்களில் நீ இங்கு வந்ததில்லை. மொட்டுகள் அரும்பிய நிலையிலேயே மழைக்காக அடங்கிக் கிடக்கும். மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு நல்ல மழை விழுந்தால், அதிலிருந்து எட்டுப் பத்து நாள்களில் தோட்டம் முழுதும் ஒரே வேளையில் வெள்ளையாக விரியும். மல்லிகையை ஒத்த மணம் வீட்டுக்குள் வந்து நிற்கும். இரண்டு மூன்று நாள்களில் வாடிவிடும். அந்த நாள்களில் அப்பா என்ன செய்வார் தெரியுமா? காதில் செருகிய பென்சிலை எடுத்து, ஒரு செடியில் ஒரு கிளையைப் பிடித்து, கணுவுக்குக் கணு பூங்கொத்துகளை எண்ணி, கிளைக்கு இவ்வளவு, செடிக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று உரக்கடை ரசீதின் பின்புறத்தில் பெருக்கிக்கொண்டே போவார். பிறகு கழித்தல் தொடங்கும்: பூவின்மேல் மழை பெய்தால் இவ்வளவு போகும், பிஞ்சு நிற்க அடுத்த மழை வராவிட்டால் இவ்வளவு, தண்டு துளைப்பானுக்கு இவ்வளவு, காட்டுமாட்டுக்கு ஒரு பங்கு. இவ்வளவு அழகை முன்னால் வைத்துக்கொண்டு மூட்டைக் கணக்குப் பார்க்கிறாரே என்று கல்லூரி நாள்களில் எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது யோசித்தால், அந்த மூன்று நாள்களில் அந்தத் தோட்டத்தில் பூவை அவரைவிட நெருக்கமாகப் பார்த்தவர் யாரும் இல்லை. கிளையைத் தொடாமல், கணுவைக் குனிந்து பாராமல் அந்தக் கணக்கைப் போட முடியாது. அடுத்த ஜனவரியின் மூட்டைகளை எண்ணிக்கொண்டே அவர் அன்றைய காலையில் முழுதாக இருந்தார். எதிர்காலத்தைத் திட்டமிடுவதே நிகழ்காலத்தைக் கெடுக்கும் என்று உன் வகுப்பில் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன்.

எங்களிடம் பழம் பறிக்க வரும் ஓர் அக்காவைப் பற்றியும் சொல்லவேண்டும். அவருடைய மகள் திண்டுக்கல்லில் செவிலியர் படிப்புப் படிக்கிறாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் அந்த அக்காவின் உழைப்பு முழுதும் அவளுடைய கட்டணத்துக்கும் விடுதிக்கும் போகிறது. ஆசை என்று பார்த்தால் உன்னுடையதையும் என்னுடையதையும்விடப் பெரியது அவருடையது. அதில் அவருக்கென்று எதுவும் இல்லை. ஆனால் அவர் பறிப்பதைப் பார்க்கவேண்டும். ஒரே கொத்தில் நன்கு சிவந்ததும் அரைகுறையாய்ப் பழுத்ததும் பச்சையும் கலந்திருக்கும். விரல் நுனியால் சிவந்ததை மட்டும் திருகி எடுப்பார், கிளை ஒடியாது, பச்சைக்காய் உதிராது. மகளை நினைத்துக்கொண்டே வேலை செய்வீர்களா என்று ஒரு நாள் கேட்டேன். “பறிக்கிறப்போ புள்ள நெனப்பு வந்தா பச்சைக்காயும் சேந்து வந்துரும்மா. அப்புறம் எடை போடுற எடத்துல உங்கம்மாகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?” என்றார். மகளுக்காகத்தான் வந்திருக்கிறார்; வந்தபின் பழத்தைத்தான் பார்க்கிறார். எங்கள் பகுதிப் பெண்கள் பலர் இதை எந்த வகுப்புக்கும் போகாமல் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று: கூலி சரியாகக் கைக்கு வரும் என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான் அந்த ஒருமுகம். வேலை இல்லாத மழைமாதங்களில் அவர் முகத்தில் அது இருக்காது. நாளைக்கு அடுப்பு எரியுமா என்று தெரியாதவரிடம் போய் இந்தக் கணத்தில் இரு என்று சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு வேலையாகக் கொடைக்கானல் சென்றபோது, அங்குள்ள சூரிய ஆய்வகத்துக்கும் போய்வந்தேன். உன் கேள்வி மனத்தில் இருந்ததால்தானோ என்னவோ, பள்ளிச் சுற்றுலாவில் காதில் விழாத செய்திகளெல்லாம் இம்முறை விழுந்தன. சென்னையிலிருந்து மலைக்கு மாற்றப்பட்ட அந்த நிலையத்தில் 1901 முதல் சூரியனைக் கவனித்துவருகிறார்கள். தாது வருடப் பஞ்சத்தின் கொடுமையைக் கண்டபின், பருவமழை ஏன் பொய்க்கிறது என்று புரிந்துகொள்ளும் ஆவல் அரசுக்கு எழுந்ததும் அந்நிலையம் அமைந்ததற்கு ஒரு காரணம். 1904 முதல், மேகம் விலகிய நாள்களில் எல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்துவருகிறார்கள். சூரியப் புள்ளிகள், அதாவது சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகள், கூடிக் குறையும் சுழற்சி ஒன்றுக்கு ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகும். அப்படியென்றால், இளவயதில் பணிக்குச் சேர்ந்து ஓய்வுபெறும் ஒருவர் தம் காலத்தில் மூன்று சுழற்சிகளுக்குமேல் பார்ப்பது அரிது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலையில் கண்ணாடித் தகட்டில் படமெடுத்த ஊழியருக்கு, அந்தத் தகடு பிற்காலத்தில் யாருக்கு, எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க வழியில்லை. அன்றைய படம் தெளிவாக வந்ததா என்பது மட்டுமே அவர் கையில் இருந்தது. இன்று அந்தத் தகடுகளையெல்லாம் கணினிக்கு மாற்றி, நூற்றாண்டுக்கும் மேலான சூரியனின் போக்கை ஆராய்கிறார்கள்.

அங்கேதான் ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில், சூரியப் புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் ரசாயனத் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் வானத்தைப் பார்த்துவந்தவர் அவர். 1907இல் கொடைக்கானலுக்கு வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். வயதாகிவிட்டதே என்று நீ ஒரு பக்கம் முழுதும் புலம்பியிருப்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

அந்தத் தகடுகளைப் பற்றித் திரும்பும் வழியெல்லாம், பண்ணைக்காடு வளைவுகளில் பேருந்து குலுங்கக் குலுங்க யோசித்துக்கொண்டு வந்தேன். நம்மை அவசரப்படுத்துவது ஆசையின் பெருமை அல்ல, அதன் சிறுமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து ஆண்டில் இந்தப் பதவி, ஏழு ஆண்டில் அந்த வீடு என்று நம் ஆயுளுக்குள் அடங்கும் ஆசைகள் தேதி கேட்கும். தேதி தவறினால் குற்றவாளிபோல் நிறுத்தும். நம் காலத்துக்குள் முடியவே முடியாத ஒரு வேலையில் கை வைத்தவருக்கு ‘எப்போது போய்ச் சேருவேன்’ என்ற கேள்வியே எழாது. அன்றைய பங்கைச் சரியாகச் செய்தோமா என்பதோடு இரவு உறங்கிவிடலாம். இதை நீ அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. வீட்டுக்கடனுக்கும் மாதத் தவணைக்கும் தேதி உண்டு என்பது எனக்கும் தெரியும்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். புதிய பொறுப்பைப் பற்றி எழுதிய பக்கங்களில் சம்பளம் இருக்கிறது, கார் இருக்கிறது, உனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் உன்னைத் தாண்டிச் சென்ற வருத்தம் இருக்கிறது. அந்தப் பதவியில் காலை ஒன்பது மணி முதல் மாலை வரை என்ன செய்யப்போகிறாய் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் நடுவில் ஓரிடத்தில், கேட்காமலே, புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்ததைப் பற்றி எழுதியிருக்கிறாய். வாடிக்கையாளர் முன் வாய் திறக்க அஞ்சிய ஒருத்தி, ஆறு மாதத்தில் உன்னையே எதிர்த்து வாதாடினாள் என்று. அந்தப் பத்தியில் உன் கையெழுத்தே மாறியிருக்கிறது. வேகமாக, சாய்ந்து, கல்லூரியில் எழுதியதுபோல. நீ உண்மையில் எங்கே வாழ்கிறாய் என்பதற்கு அந்தப் பத்தியைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. ஆகவே, ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வதற்கு முன், புதிய பொறுப்பில் அந்தப் பயிற்சி வேலை உன்னிடம் இருக்குமா, அதற்கு வாரத்தில் எத்தனை நாள் விடுவார்கள் என்று நேராகக் கேள். இருக்கும் என்றால் தயங்காமல் ஏற்றுக்கொள். ஓட்டம்கூட உனக்குச் சுமையாக இருக்காது. இருக்காது என்றால், அந்த நாற்காலி உன்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதையும் சம்பளக் கணக்கில் சேர்த்துப் பார்.

தியான வகுப்பை விட்டுவிடு என்று சொல்லமாட்டேன். அங்கே உட்காரும் அரை மணி நேரம் உனக்கு ஆறுதலாக இருந்தால் நல்லதுதான். ஆனால் கைப்பேசிச் செயலியில் ஒரு நாள் விட்டுப்போனதற்காக, தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று நீ அன்று முழுதும் மனம் சோர்ந்திருந்ததைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. நிகழ்காலத்திலும் முதல் மதிப்பெண் வாங்கத் துடிக்கிறாய், வகுப்பறையில் வாங்கியது போதாதென்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2018இல் குறிஞ்சி பூத்தபோது வா என்று அழைத்தேன். ஆண்டு இறுதிக் கணக்கு என்றாய். இப்போது, 2030இல் அடுத்த பூப்புக்கு ஓய்வுபெற்ற கையோடு வந்து ஒரு மாதம் தங்குவேன் என்று எழுதியிருக்கிறாய். வா, மகிழ்ச்சிதான். ஆனால் அன்று அம்மா உன்னை அடையாளம் கண்டு தோசை வார்த்துப் போடுவாரா என்பதை நான் பொறுப்பேற்க முடியாது. காப்பிப் பூவுக்கு அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. எந்தத் தேதி என்று இப்போது சொல்ல இயலாது, மழை விழுந்த அன்று இரவே தொலைபேசியில் அழைப்பேன், பூ விரிய ஒரு வாரத்துக்குமேல் இருக்கும். எந்தப் பதவியில் இருந்தாலும் அந்த அவகாசத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுக்க முடியாதா என்ன? வத்தலக்குண்டு வரை வந்துவிடு, அங்கிருந்து அழைத்து வருவது என் பொறுப்பு.

அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்பதை உடனே தெரிவி. உன் அண்ணனின் மகள் திருமணத்துக்கு எங்களால் வர இயலாது. அந்த வாரம்தான் கடைசிப் பறிப்பு. இந்த வாரம் வறுத்ததில் ஒரு கிலோ பொடி கூரியரில் அனுப்பியிருக்கிறேன். சிக்கரி கலக்காதது, உன் வீட்டுக்காரருக்குத் திடம் போதவில்லை என்றால் மறைக்காமல் எழுது, விற்பனைக்குப் போகுமுன் எனக்கு அது தெரியவேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் தோழி