கூட்டுப் பட்டா விவசாயிகளுக்கும் மண் காப்பு மானியம் கிடைக்க ஆவன செய்யக் கோரி மனு

அனுப்புநர்
மேல்குந்தா சுற்றுவட்டார மலைக்காய்கறி விவசாயிகள்,
குந்தா வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: கல்கட்டு (சரிவில் மண்ணைத் தாங்கும் கற்சுவர்), படிமட்டம் (சரிவைப் படிகளாக அமைத்தல்), தெளிப்பு நீர்ப்பாசன மானியங்களுக்குக் கூட்டுப் பட்டா நிலங்களின் அனுபோகச் சான்றை (யார் பயிர் செய்கிறார் என்ற சான்று) ஏற்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்கள். எங்கள் தோட்டம் அத்தனையும் சரிவில் இருக்கிறது. கல்கட்டு நின்றால்தான் மண் நிற்கும்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை கொட்டியது தாங்கள் அறிந்ததே. அந்த மழையில், இம்மனுவை எழுதும் என் தோட்டத்தில் தாத்தா காலத்துக் கல்கட்டு மூன்று இடங்களில் சரிந்தது. தோண்டும் பக்குவத்தில் இருந்த கார்போகப் பருவத்து உருளைக்கிழங்கு மண்ணோடு ஓடைக்குப் போய்விட்டது. உடைந்த இடத்தில் இன்றும் அடிமண்தான் தெரிகிறது. எத்தனை லோடு தொழுவுரம் கொட்டினாலும் அங்கே கேரட் விரல் பருமனுக்கு மேல் வருவதில்லை.

கல்கட்டைத் திரும்பக் கட்ட மானியம் கேட்டு விண்ணப்பித்தேன். நில உரிமைப் பதிவான சிட்டாவில் என் பெயர் இல்லை என்று அலுவலகத்தில் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் பெயர் எப்படி இருக்கும்? பட்டா இன்னும் தாத்தா பெயரிலும் அவருடைய அண்ணன் தம்பிகள் பெயரிலும் இருக்கிறது. எங்கள் ஹட்டியில் (ஊரில்) பெரும்பாலான பட்டாக்கள் இப்படித்தான். பாகம் பிரித்தது வாய்மொழியாக; எல்லைக்கு ஒரு கல், ஒரு வேலி. யார் பங்கு எதுவரை என்பதில் ஊருக்குள் சண்டை இல்லை. பட்டாவைத் தனித்தனியாகப் பிரிக்கும் உட்பிரிவு செய்யப் போனால் அத்தனை வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். பாதிப் பேர் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். இறந்துபோன சிலருக்கு வாரிசுச் சான்றே வாங்கவில்லை.

இதைவிட வேதனையான ஒன்று உண்டு. சொட்டுநீர், தெளிப்பு நீர்ப்பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 சதவீத மானியம் தருகிறது. மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிறு விவசாயி என்றால் 5 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். எங்கள் கூட்டுப் பட்டாவின் மொத்தப் பரப்பு 11 ஏக்கர், பங்காளிகள் 14 பேர். நான் உழுவது 70 சென்ட். ஆனால் மொத்தப் பரப்பைப் பார்த்துவிட்டு எங்களில் ஒருவருக்கும் சிறு விவசாயி சான்று தருவதில்லை. 70 சென்ட்காரன் தாளில் பெரிய விவசாயி ஆகிவிடுகிறான்.

சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போடாதீர்கள், குறுக்கே போடுங்கள், படிமட்டம் அமையுங்கள் என்று உதகையில் 1954 முதல் இயங்கும் மண், நீர்வள ஆராய்ச்சி மையம் சொல்லி வருகிறது. அது சரி என்று எங்கள் தோட்டமே காட்டிவிட்டது. மலையில் மண் தோண்டும் பொக்லைன் இயந்திரம் இறக்கத் தடை இருப்பதும் நல்லதே. அந்தத் தடையை நீக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆள் வைத்துக் கல் சுமந்து கட்ட வேண்டியிருப்பதால்தான் செலவு கையை மீறுகிறது. எங்கள் தோட்டத்தில் கரையும் மண் குந்தா அணைக்கும் பில்லூருக்கும் போய், பவானி ஆற்று வழியே பவானிசாகர் வரை சேருகிறது. அங்கே தூர் எடுக்கும் செலவைவிட இங்கே கல் அடுக்கும் செலவு குறைவாகத்தான் இருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

ஆகவே, கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பார்த்து, யார் எத்தனை சென்ட் பயிர் செய்கிறார் என்று தரும் அனுபோகச் சான்றை மண் காப்புப் பணிகளுக்கும் நுண்ணீர்ப் பாசனத்துக்கும் ஏற்கும்படி வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் தாங்கள் அறிவுறுத்த வேண்டும். சிறு விவசாயி சான்றும் அவரவர் பங்கின் பரப்பைக் கொண்டே வழங்கப்பட வேண்டும். கல்கட்டுக்கான தொகையை வேலை முடிந்த பிறகு பின்னேற்பு மானியமாகத் தராமல், பாதியையாவது முன்கூட்டித் தர வேண்டுகிறோம். கடைபோகப் பருவ விதைப்புக்கும் கூலிக்கும் கடன் வாங்கிய கையில், கல்லுக்கு வேறு கடன் வாங்க இடமில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கட்டினால்தான் அந்தக் கல்கட்டால் பயன்.

உட்பிரிவுக்கென்று எங்கள் ஹட்டியிலேயே ஒரு நாள் முகாம் நடத்தினால், வெளியூரில் இருக்கும் பங்காளிகளை வரவழைப்பது எங்கள் பொறுப்பு.

கூட்டுப் பட்டா நகல், பயிர்ப் பதிவான அடங்கல், சரிந்த கல்கட்டின் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையெழுத்திட்டுள்ள விவசாயிகள்