பாட்டி வைத்திருந்த தனி மங்கு

செந்தூல்,
கோலாலம்பூர்.

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வகுப்பில் மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நடத்தும்போது, கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல் வந்ததும் ஒரு கறுப்பினப் பையன் தலையைக் குனிந்துகொண்டான், தொடர்ந்து நடத்துவதா விடுவதா என்று கேட்டிருந்தாய். 1885இல் அமெரிக்காவில் வந்த நாவல் அது. இருநூறு தடவைக்கு மேல் வரும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ‘அடிமை’ என்று போட்டு 2011இல் அங்கே ஒரு பதிப்பு வெளியிட்டார்கள்.

அதே 2011இல் நீ ஐந்தாம் படிவம். அப்துல்லா ஹுசேனின் ‘இன்டர்லோக்’ என்ற மலாய் நாவல் உனக்குப் பாடநூல். செமான், சிங் ஹுவாட், மணியம் என்று மூன்று இனத்துக் குடும்பங்களின் கதை. மணியத்தைப் பற்றிய பகுதியில், தாழ்ந்த சாதி என்று இழிவாகச் சொல்லும் ‘பாரியா’ என்ற சொல். மலாய், சீனப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து என் மகள் இதைப் படிப்பதா என்று கொதித்துப்போனேன். கூட்டம் கூட்டமாகப் போய் நின்றோம். ஆண்டுக் கடைசியில் நூலை மீட்டுக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கு நீ கேட்டாய்: “புத்தகத்துல இருந்தா தப்பு, பாட்டி சொன்னா தப்பில்லையாப்பா?”

வாயை மூடு என்றேன்.

பாட்டி எதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும், மகளே. தேங்காய் பறிக்க வருபவருக்குத் தண்ணீர் குடிக்க ஒரு தனி மங்கு வைத்திருந்தார். அது குழாயடியில் கவிழ்ந்து கிடக்கும், வீட்டுக்குள் வராது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீ அதில் தண்ணீர் குடித்துவிட்டாய் என்று உன்னை அடித்தார். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வரவில்லை. பாட்டி சொன்னதும் புத்தகத்தில் இருந்ததும் பறையிலிருந்து பிறந்த சொல்தான். வெள்ளைக்காரன் அதை நம்மிடம் கேட்டுத்தான் தன் அகராதியில் சேர்த்தான். அதை வசவாக்கியது நாம்தான். பிறர் வாயில் கேட்டதும்தான் நமக்குச் சுட்டது.

பிறகு நீ வாடகைக்கு அறை தேடினாய். உன் மலாயைப் போனில் கேட்டு வா என்றவர்கள், முகத்தைப் பார்த்ததும் அறை போய்விட்டது என்றார்கள். விளம்பரத்திலேயே ‘இந்தியர் வேண்டாம்’ என்று போடுகிறவர்களும் உண்டு. நீ அழுத அந்த ராத்திரி எனக்கு அந்த மங்குதான் ஞாபகம் வந்தது. உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லை. இப்போது சொல்கிறேன்.

பாடத்தை விடாதே. தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை, நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று ஹக் கிழித்துப் போடுகிறானே, அந்த இடத்தைப் பிள்ளைகள் படிக்க வேண்டும். ஊர் முழுக்கச் சரி என்று கற்றுக்கொடுத்த ஒன்றை ஒரு சிறுவன் மனசு ஒத்துக்கொள்ள மறுக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை யாரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லாதே. அந்தப் பையனிடம் முதலில் தனியாகப் பேசு. அவன் என்ன சொல்கிறானோ கேட்டுக்கொள். நான் உன்னிடம் செய்யாதது அது.

அப்புறம், தம்பிக்குப் பெண் பார்க்கிறோம். தரகர் முதலில் கேட்டது நம் சாதியை. அந்த வரியைக் காலியாக விடுங்கள் என்றேன். அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அவளிடம் கொஞ்சம் பேசு.

அன்புடன்,
அப்பா