லாம்பெத் தோட்ட அருங்காட்சியகத்துக்கு நம் பங்கு

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

லண்டனில் வீட்டுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்திலும் ஜன்னலோரத் தொட்டியிலும் கீரையும் மிளகாயும் வளர்க்கிற நாம் எல்லோரும் சேர்ந்து, லாம்பெத் தோட்ட அருங்காட்சியகத்துக்கு ஒரு தொகை திரட்டிக் கொடுக்கலாம் என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. ஏன் அந்த இடத்துக்கு என்று சிலர் கேட்டீர்கள். சொல்கிறோம்.

தேம்ஸ் கரையில், கேன்டர்பரி பேராயர் மாளிகையை ஒட்டி நிற்கும் பழைய புனித மேரி தேவாலயம்தான் அது. கோபுரம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மற்றவை 1850களில் பெரும்பாலும் புதிதாகக் கட்டப்பட்டவை. 1972இல் வழிபாடு நின்றுபோக, கட்டடத்தை மூடி, இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்துவிட்டது. 1976இல் ரோஸ்மேரி நிக்கல்சன் என்ற பெண்மணி, ட்ரெடஸ்கன்ட் என்ற தோட்டக்காரரின் கல்லறையைத் தேடி அங்கே போனார். கட்டடம் கிடந்த கோலம் அவருக்குப் பொறுக்கவில்லை. கணவர் ஜானோடு சேர்ந்து அடுத்த ஆண்டே ஓர் அறக்கட்டளை தொடங்கி, தோட்டக்கலை வரலாற்றுக்கான அருங்காட்சியகமாக்கி அதைக் காப்பாற்றினார்.

அந்த ட்ரெடஸ்கன்ட், மன்னர் முதலாம் சார்லஸின் தோட்டக்காரர். மகனும் அதே தொழில்தான். வர்ஜீனியா வரை போய்ச் செடிகள் கொண்டுவந்தவர். அந்தக் குடும்பத்துக் கல்லறையில் முதலை, சிப்பி, இடிந்த தூண்கள் எல்லாம் செதுக்கியிருக்கும். நிதானமாகச் சுற்றிவந்து பாருங்கள்.

பக்கத்திலேயே கப்பல் தலைவர் வில்லியம் பிளை அடக்கமாகியிருக்கிறார். தஹிதித் தீவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஈரப்பலாவை முதலில் கொண்டுசென்றவர் என்று அவர் கல்லறையிலேயே பொறித்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஈரப்பலாக்காய்க் கறி சாப்பிட்டு வளர்ந்த நம்மவர்கள் அந்த வரியைப் படிக்காமல் திரும்பக் கூடாது.

2016இல் புதுப்பிப்பு வேலையின்போது தரைக்கடியில் ஒரு நிலவறை தென்பட்டது. உள்ளே ஈயச் சவப்பெட்டிகள், ஒன்றின் மேல் பேராயரின் தலைக்கிரீடம்!

இத்தனை பழைய கட்டடத்துக்குக் கூரை, கல், ஜன்னல் என்று செலவு ஓயாது. நுழைவுக் கட்டணமும் நன்கொடையும் வந்தால்தான் வண்டி ஓடும். நாம் திரட்டுவதைக் கட்டடப் பராமரிப்புக்கும் பிள்ளைகளுக்கான தோட்ட வகுப்புகளுக்கும் என்று குறிப்பிட்டே கொடுக்கப்போகிறோம்.

இவ்வளவு என்று கணக்கில்லை. 5 பவுண்டும் பெரிதுதான். அடுத்த கூட்டத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வர முடியாதவர்கள் வருகிற உறவுகளிடம் கொடுத்தனுப்பலாம். வரவு செலவு முழுவதையும் கூட்டத்திலேயே வாசிப்போம்.